காலிமனைகள் குடிக்கும் மழை

பரங்கிமலை ஏறத்தாழ 300 அடி உயரமே உடையது. மலை என்று தன்னைச் சொல்லிக்கொள்ளச் சற்றே நாணும் உயரம் அது. ஆயினும் கார்த்திகை மழை ஓய்ந்த ஒரு காலையில் அதன் உச்சியில் நின்று நாற்புறமும் நோக்குபவருக்கு, சென்னை மாநகரம் எத்துணைத் தட்டையான நிலத்தில் அமர்ந்திருக்கிறது என்பது நன்கு விளங்கும். 1802ஆம் ஆண்டில் லாம்டன் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி, இந்திய நாட்டை முக்கோணங்களாகப் பகுத்து அளக்கும் பெரும்பணிக்கு முதல் அடிக்கோட்டை இம்மலையை ஒட்டிய சமவெளியில்தான் சங்கிலி பிடித்து அளந்தார். ஏழு மைலுக்கு மேல் நேர்கோட்டில் சங்கிலி இழுக்க மேடுபள்ளம் குறைந்த நிலம் வேண்டியிருந்தது. அது இங்கே கிடைத்தது. அளப்பவருக்கு வாய்ப்பாக இருந்த அந்தச் சமநிலமே, பெய்த மழைக்கு எப்பக்கம் ஓடுவது என்று தெரியாத நிலமாகவும் அமைந்துவிட்டது.

உச்சியிலிருந்து கிழக்கே பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் மொட்டை மாடிகள். அவற்றுக்கு நடுவே ஆங்காங்கே கிழிந்த பாய்த்துண்டுகள் போலப் பச்சைத் திட்டுகள். ஒவ்வொரு திட்டும் யாரோ வாங்கிப்போட்டு இன்னும் வீடு கட்டாத மனை. மகளின் திருமணத்துக்கென்று ஒருவர் வைத்திருப்பார். வழக்கில் சிக்கிப் பத்தாண்டாகக் கிடப்பது ஒன்று. உரிமையாளர் வெளிநாட்டில் இருக்க, முள்வேலியும் பெயர்ப்பலகையும் மட்டும் காவல் காப்பது மற்றொன்று. நகரத்தார் இவற்றைப் பாழ்நிலம் என்கிறார்கள். குப்பை கொட்டவும், வண்டி நிறுத்தவும், மாடு கட்டவும் அவை பயன்படுகின்றன. மழை பெய்யும்போது அந்த மனைகள் என்ன செய்கின்றன என்பதைப் பார்க்கவே இந்தப் பயணம். மழைநீர் போகும் திசையிலேயே, மலையிலிருந்து கடலை நோக்கி நடப்பதென்று முடிவு செய்தேன்.

முதலில் ஒரு சிறு கணக்கு. நம் ஊரில் மனையைக் கிரவுண்டு கணக்கில் பேசுகிறோம். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. அதன்மீது ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 2,230 லிட்டர் நீர் விழுகிறது. பத்து சென்டிமீட்டர் பெய்தால் 22,300 லிட்டர். பெரிய தண்ணீர் லாரி இரண்டு கொண்டுவரும் அளவு. சென்னையின் ஆண்டு மழை சராசரியாக 140 சென்டிமீட்டர். ஆகவே ஒரே ஒரு கிரவுண்டு ஓராண்டில் மூன்று இலட்சம் லிட்டருக்கு மேல் வானத்திலிருந்து வாங்கிக்கொள்கிறது. 2019ஆம் ஆண்டு நகரின் ஏரிகள் வறண்டபோது, ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள் அல்லவா? ஐம்பது டாங்கி கோத்த ஒரு வண்டி ஒரு தடவைக்கு 25 இலட்சம் லிட்டர் கொண்டுவந்தது. எட்டு கிரவுண்டு வெற்றுமனையில் ஓராண்டு பெய்யும் மழையும் அதே 25 இலட்சம் லிட்டர்தான். வாங்கிய மழையை மனை என்ன செய்கிறது என்பது அதன் அடியிலுள்ள மண்ணைப் பொறுத்தது.

பரங்கிமலையின் கல் புவியியலாருக்குப் பெயர்போனது. கரும்பச்சையும் நீலமும் கலந்த, உடைத்தால் கண்ணாடிபோல் மின்னும் வன்மையான பாறை. இதற்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவைத் தோற்றுவித்தவராகச் சொல்லப்படும் ஜோப் சார்னோக் என்பவரின் கல்லறைக்கல் இவ்வினத்தது என்பதால், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹாலந்து என்ற புவியியல் அறிஞர் அவர் பெயரையே பாறைக்கு வைத்தார். இறந்தவரின் பெயர் பாறைக்கு நிலைத்தது; பாறையோ பல்லாவரத்தில் ஜல்லியாக உடைபட்டு நகரின் சாலைகளுக்குள் போயிற்று.

மலையடிவாரத்தில், ஆதம்பாக்கத்துப் பக்கம் இறங்கினால் காணும் மனைகளில் மேலே இரண்டு மூன்று அடிக்குச் செம்மண்ணும் சரளையும். அதன்கீழ் கையால் பிசைந்தால் உதிரும் அளவுக்கு மக்கிய பாறை. அதற்கும் கீழே கடப்பாரை எகிறும் கல். இங்கே பெய்யும் மழை முதலில் விரைவாகவே உள்ளே இறங்குகிறது. சரளை மண் தடுப்பதில்லை. ஆனால் இறங்கிய நீருக்குத் தங்க இடம் குறைவு. பாறையில் உள்ள வெடிப்புகளும் மேலுள்ள மக்கிய அடுக்கும் நிரம்பியதும், வயிறு நிறைந்த குழந்தை பாலைத் திருப்பித் தள்ளுவதுபோல மண் மழையைத் தள்ளிவிடுகிறது. மலைச்சரிவில் ஆங்காங்கே சுவரோரம் நீர் கசிவதைக் காணலாம். கீழே ஒரு வெடிப்பின்மீது ஆழ்துளைக் கிணறு விழுந்தவர் வீட்டில் தண்ணீர்; பத்தடி தள்ளிப் போட்டவர் வீட்டில் வெறும் புழுதி. அண்டை வீட்டாருக்குள் இதனால் எழும் மனத்தாங்கல் சொல்லி முடியாது. கிணறு மார்கழியில் நிரம்பிச் சித்திரையில் வற்றும்.

அங்கிருந்து கிழக்கே வேளச்சேரி அதிகத் தொலைவில்லை. ஆனால் மண் முற்றிலும் மாறிவிடுகிறது. சரளை போய்க் களிமண் வருகிறது. மழை நின்று இரண்டு நாள் ஆகியும் மனைகளில் முழங்காலளவு நீர். சம்பங்கோரை ஆளுயரம் நிற்கிறது; அதன் நடுவே நீர்க்கோழி ஒன்று குஞ்சுகளோடு நீந்திக்கொண்டிருந்தது. முட்செடியும் எருக்கும் இருந்தால் அடியில் வறண்ட மேட்டுநிலம் என்றும், கோரையும் சம்பும் இருந்தால் ஆண்டின் பாதிநாள் நீர் நிற்கும் தாழ்நிலம் என்றும் கொள்வது பெரும்பாலும் தவறாது. மனை வாங்கப் போகிறவர்கள் பத்திரத்தைப் பார்ப்பதோடு செடியையும் பார்த்துவிட்டு வரலாம்.

களிமண்ணைப் பற்றி நம்மில் பலருக்கு ஒரு தவறான எண்ணம் உண்டு. அதற்குள் இடமே இல்லை, ஆகையால் நீர் போவதில்லை என்று நினைக்கிறோம். உண்மையில் ஒரு படி களிமண்ணில் உள்ள வெற்றிடம், ஒரு படி மணலில் உள்ளதைவிட மிகுதி. மணலுக்கு நூற்றில் 35 முதல் 40 பங்கு வெற்றிடம் என்றால், களிமண்ணுக்கு 50 பங்குகூட இருக்கும். ஆனால் அந்த இடம் கணக்கற்ற நுண்ணிய இடுக்குகளாகச் சிதறிக் கிடக்கிறது. களித்துகள் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரின் ஐந்நூற்றில் ஒரு பங்கினும் சிறியது. அவ்வளவு குறுகிய இடுக்கில் நுழையும் நீர் சுவரைப் பற்றிக்கொண்டு நகர மறுக்கிறது. மணல்வெளியில் மழைநீர் ஒரு மணி நேரத்தில் 30 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கும். களிமண்ணில் ஒன்று முதல் ஐந்து மில்லிமீட்டர்தான். களிமண் நீரை நிறையப் பிடித்துவைக்கும். கிணற்றுக்கோ எளிதில் விட்டுக்கொடுக்காது. கொடாக்கண்டன் என்று சொல்வோமே, அந்த இனம்.

கோடையில் இதே களிநிலம் வெடித்துக் கைநுழையும் பிளவுகளாகக் கிடக்கும். ஐப்பசியில் முதல் மழை வந்தால் அப்பிளவுகளின் வழியே நீர் கடகடவென்று உள்ளே போகும். நிலத்துக்கு எவ்வளவு தாகம் என்று நாம் வியப்போம். ஓரிரு மழைக்குள் களி ஊறிப் பருத்துப் பிளவுகள் மூடிக்கொள்ளும். அதன்பின் பெய்வதெல்லாம் மேலேதான் நிற்கும். சென்னையின் பெருமழைகள் பெரும்பாலும் பிளவு மூடிய பிறகே வருகின்றன என்பதை நினைவில் வைக்கவேண்டும். 2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளில் நகரின் பல பகுதிகளில் 30 சென்டிமீட்டரை ஒட்டியும் கடந்தும் மழை கொட்டியபோது, நவம்பர் முழுவதும் பெய்த மழையால் நிலம் முன்பே ஊறி நிறைந்திருந்தது.

அப்படியானால் வேளச்சேரியின் களிமனையால் பயனில்லையா? இதற்கு விடை ஒரு தெருவில் கிடைத்தது. அங்கே ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் தம் வீட்டு வாசலில் நின்று, பக்கத்து மனையில் டிப்பர் லாரி கட்டட இடிபாட்டைக் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரென்று விசாரித்துவிட்டு, "உள்ளே வாங்க ஐயா, பார்த்து இறங்குங்க" என்றார். இறங்கத்தான் வேண்டியிருந்தது.

"நான் வீடு கட்டுனப்போ ரோட்டுலேருந்து மூணு படி ஏறி உள்ளே வருவோம். இப்போ ரெண்டு படி இறங்கி வர்றோம். வீடு கீழே போகலை. ரோடு மேலே வந்துடுச்சு. ஒவ்வொரு தடவை தார் போடுறப்பவும் பழசைச் சுரண்டாம மேலேயே போட்டா என்ன ஆகும்?"

அவர் சொன்ன கதை அத்தெருவின் எல்லாப் பழைய வீடுகளுக்கும் பொருந்தும். தெருவில் முன்பு ஏழெட்டுக் காலிமனைகள். ஒவ்வொன்றாக விலைபோயிற்று. வாங்கியவர் ஒவ்வொருவரும் முதலில் செய்தது, சாலைக்கு மேலே மூன்றடி உயரும்வரை மனையை மண்ணும் இடிபாடும் போட்டு நிரப்பியது. எல்லாரும் உயர்ந்தபின் தாழ்ந்தது பழைய வீடு ஒன்றுதான். 2015இல் இடுப்பளவு நீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மீண்டும். இவ்வளவுக்கும் இடையில், இடப்பக்கத்துக் காலிமனை மட்டும் பள்ளமாக இருந்து தெருத்தண்ணீரில் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டு வந்தது. சாதாரண மழைக்கெல்லாம் அது நிரம்பும், வீட்டுக்குள் வராது. இப்போது அதற்கும் லாரி வந்துவிட்டது.

இங்கே கணக்கு நமக்கு உதவுகிறது. ஒரு கிரவுண்டு மனை தெருவைவிட ஓரடி தாழ்ந்திருந்தால் அதில் ஏறத்தாழ 68,000 லிட்டர் நீர் நிற்கும். அதாவது பெரிய லாரி ஐந்துக்கு மேல். களிமண் அந்த நீரை உறிஞ்சுவது மிக மெதுவாக இருக்கலாம். ஆனால் மழை கொட்டும் அந்த ஆறு மணி நேரத்தில் அவ்வளவு நீரையும் தெருவில் விடாமல் பிடித்துவைப்பதே பெரிய உதவி. மணல்மனை சல்லடை என்றால் களிமனை சட்டி. சட்டியைக் கவிழ்த்து மேடாக்கினால் இரண்டு இழப்பு ஒருசேர வருகிறது. முன்பு தாங்கிய 68,000 லிட்டர் வெளியே நிற்கிறது. மேட்டின்மீது விழும் மழையும் சரிந்து அண்டை வீட்டுக்குப் போகிறது.

பெரியவரின் துணைவியார் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "நாங்க யாரையும் குத்தம் சொல்லலைங்க. அந்தப் புள்ளையும் லோன் போட்டுத்தான் வாங்கியிருக்கு. அது வீடு முழுகலாமா?" என்றார். அந்த நியாயத்தை மறுக்க என்னால் இயலவில்லை. சாலை உயர்ந்துவிட்டபின் புதிதாகக் கட்டுபவர் உயர்த்தாமல் என் செய்வார்? ஆனால் வீட்டை உயர்த்துவது வேறு, மனையை உயர்த்துவது வேறு. தூண்களின்மீதோ உயர்ந்த பேஸ்மெண்டின்மீதோ வீட்டை மட்டும் எழுப்பி, சுற்றியுள்ள நிலத்தைப் பழைய தாழ்விலேயே விட்டுவைக்கலாம். மனை முழுவதும் நிரப்ப வேண்டிய இடிபாட்டின் லாரி வாடகையும் அதில் மிஞ்சும். வீட்டைச் சுற்றிய பத்தடி நிலத்தில் ஓர் உறைக்கிணறு இறக்கி, களி அடுக்கைத் துளைத்துக் கீழேயுள்ள மணல் அடுக்கைத் தொட்டுவிட்டால், மேலே மாதக்கணக்கில் நின்று கொசு வளர்க்கும் நீர் உள்ளே போய்விடும். பல இடங்களில் களிக்கு அடியில் பழைய ஆற்றுமணல் படிந்திருக்கிறது. அது எத்தனை அடியில் என்பது அந்தந்தத் தெருவில் கிணறு வெட்டியவர்களுக்குத் தெரியும்.

கொசு என்றதும் சிலர் பள்ளமே வேண்டாம் என்பார்கள். கொசு முட்டையிலிருந்து சிறகு முளைத்துப் பறக்க ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். இரண்டு மூன்று நாளில் வடிந்துவிடும் பள்ளத்தில் கொசு உண்டாக நேரமில்லை. கொசுவை வளர்ப்பது பள்ளத்தைவிட அதில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டையும் பழைய டயரும் நெகிழிக் குவளையும்தான்.

இடிபாட்டு நிரப்பு எத்தகைய மண்ணாகிறது என்பதையும் சொல்லவேண்டும். அந்த மனையில் கொட்டப்பட்டது செங்கல் துண்டு, காரைப்பொடி, ஓட்டுச்சில்லு, சிமெண்டு மூட்டையின் கிழிசல், இடையிடையே நெகிழிப்பைகள். பெரிய கற்களுக்கு நடுவே இடைவெளி உண்டுதான். ஆனால் காரையும் சிமெண்டுத் தூளும் மழையில் கரைந்து அவ்விடைவெளிகளை அடைத்துவிடுகின்றன. நெகிழிப்பை மண்ணுக்குள் ஓடு வேய்ந்ததுபோல் படிந்து கிடக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, கொட்டிய மண்ணைச் சமன்செய்ய வரும் ஜேசிபி எந்திரத்தின் எடை, மண்ணின் மூச்சுத்துளைகளை நசுக்கிவிடுகிறது.

அமெரிக்க நாட்டில் கிளீவ்லாந்து என்றொரு தொழில்நகரம் உண்டு. 1950இல் அங்கே ஒன்பது இலட்சத்துக்கு மேல் மக்கள். 2020இல் நான்கு இலட்சத்துக்கும் குறைவு. ஆலைகள் போயின, மக்கள் போனார்கள், வெற்று வீடுகள் இடிக்கப்பட்டன. நமக்கு மனை என்பது வீடு வரும்வரை காத்திருக்கும் நிலம்; அங்கே அது வீடு போனபின் எஞ்சும் நிலம். அந்த ஆயிரக்கணக்கான மனைகள் மழையைக் குடித்து நகரின் சாக்கடைச் சுமையைக் குறைக்குமா என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் துறையின் மண் அறிஞர்கள் துளையிட்டுப் பார்த்தார்கள். வீட்டை எப்படி இடித்தார்கள், குழியை எதைக்கொண்டு மூடினார்கள் என்பது பெரிதும் முக்கியம் என்பது அவர்கள் கண்டது. இடிபாட்டை அகற்றி நல்ல மண்ணிட்டு, எந்திரத்தால் மிதிக்காமல் விட்ட மனை குடிக்கிறது. புதைத்து மிதித்த மனை குடிப்பதில்லை. வேளச்சேரியில் நான் கண்டது இதையேதான்.

தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் தெரிகிறது. இவ்வட்டாரத்து நீரெல்லாம் கூடும் பெருந்தொட்டி அது. 2022ஆம் ஆண்டு பன்னாட்டு ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. முன்னிருந்த பரப்பில் எஞ்சியது சிறுபகுதி. ஏரி மனையாவது சென்னைக்குப் புதிதன்று என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். மயிலாப்பூரின் நீண்ட ஏரியைத் தூர்த்துத்தான் 1920களில் தியாகராய நகரை அமைத்தார்கள். மேற்கு மாம்பலத்தில் ஏரிக்கரைச் சாலை என்ற பெயர் இன்றும் உண்டு. கரை இருக்கிறது, ஏரியைத்தான் காணோம்.

சதுப்புநிலத்தைக் கடந்து கிழக்கே போகப் போகக் கால்களே மண் மாறுவதை உணர்கின்றன. திருவான்மியூர் வந்ததும் சேறு போய் மணல். பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணி ஆலயத்தை அடைந்தபோது ஒரு தூறல் போட்டு நின்றிருந்தது. ஆலயத்தின் பின்புறத் தெருவொன்றில் ஒரு காலிமனை. மழையின் அடையாளமே அதில் இல்லை. மேலே ஓரங்குலம் ஈரம்; குச்சியால் கிளறினால் அடியிலும் ஈரம்; தேங்கல் எங்கும் இல்லை. கடலோரமாக அலையும் காற்றும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் குவித்த மணல்மேடு இது. பத்து சென்டிமீட்டர் மழை ஒரு நாள் முழுவதும் பரவிப் பெய்தால் ஒரு சொட்டும் வெளியே போகாமல் உண்டுவிடும்.

ஆனால் அதே தெருவின் மறுபக்கத்து மனையில் குளம் கட்டியிருந்தது! மண் ஒன்றே, மழை ஒன்றே. வேறுபாடு என்னவென்றால், அந்த மனையில் பல ஆண்டுகளாகக் கார்களும் வேன்களும் நிறுத்துகிறார்கள். மணலை யாரால் அழுத்தமுடியும் என்று நாம் நினைப்போம். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து மணற்பாங்கான நிலத்தில் கட்டுமான வண்டிகள் ஓடிய இடங்களை அளந்து 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, நீர் இறங்கும் வேகம் 70 முதல் 99 விழுக்காடு வரை குறைந்ததைக் காட்டியது. மணலுக்கே இந்தக் கதி என்றால் மற்றதைச் சொல்லவேண்டியதில்லை. நம் ஆலய முற்றங்களில் வாகனம் நிற்கும் இடத்துக்கும் வேப்பமரத்தடிக்கும் மழை பெய்த மறுநாள் உள்ள வேறுபாட்டை வாசகர்களே கண்டிருப்பார்கள். நெருக்கமான ஊர்களில் ஆலய வளாகம், பள்ளி மைதானம், கல்லறைத் தோட்டம் ஆகியவைதாம் மிஞ்சியிருக்கும் பெரிய திறந்த மண். அவற்றிலும் சிமெண்டுக் கட்டை பதிப்பது இப்போது பரவிவருகிறது. பார்வைக்குத் துப்புரவுதான், செருப்பில் சேறு ஒட்டாது. அந்தச் சேறு முன்பு கிணற்றுக்குத் தண்ணீர் அனுப்பிக்கொண்டிருந்தது.

தங்கள் மனையின் மண் எவ்வினம் என்று அறிய விரும்புவோருக்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். ஓரடி அகலம், ஓரடி ஆழத்தில் குழி தோண்டுங்கள். நீர் நிரப்பி வடியவிடுங்கள். இரண்டாம் முறை நிரப்பி, ஒரு குச்சியை நட்டு, ஒரு மணி நேரத்தில் எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று பாருங்கள். முதல் முறை இறங்குவதை நம்பக்கூடாது. உலர்ந்த மண் எதுவாயினும் முதலில் ஆவலோடு குடிக்கும். ஓரங்குலமும் அதற்கு மேலும் இறங்கினால் நல்ல மண். மறுநாளும் குழியில் நீர் நின்றால் களி. இன்னொரு வழி, பிள்ளைகளுக்கு விளையாட்டாகவும் இருக்கும்: ஒரு கண்ணாடிப் புட்டியில் பாதி மண்ணும் மீதி நீருமாக இட்டு நன்கு குலுக்கி வையுங்கள். மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் படியும். வண்டல் சில மணி நேரத்தில் அதன்மேல் படியும். களி மறுநாளும் நீரைக் கலக்கிக்கொண்டே இருக்கும். படிந்த அடுக்குகளின் தடிப்பு மண்ணின் ஜாதகத்தைச் சொல்லிவிடும்.

மணல்மனையின் நற்பணிக்கும் ஓர் எல்லை உண்டு. மழைக்காலம் முற்றும்போது நிலத்தடி நீர்மட்டம் மேலேறி வருகிறது. பெசன்ட் நகரில் பழைய வீடொன்றின் கிணற்றை எட்டிப்பார்த்தேன். கைப்பிடிச் சுவரிலிருந்து ஐந்தடியில் நீர். கோடையில் அது இருபதடிக்குப் போகுமாம். மட்டம் மேலேறி மண் நிறைந்துவிட்டால் மணலும் களியைப்போலவே கைவிரித்துவிடும். ஆனால் இக்கரையில் அந்த ஐந்தடி ஒரு பெரும் காவல். கடலோர மணலுக்குள் நன்னீரும் உவர்நீரும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. நன்னீர் எடை குறைந்தது, உவர்நீரின்மீது மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை உவர்நீர் ஏறாமல் அழுத்திவைக்கிறது. மேலே ஓரடி குறைந்தால் கீழே 40 அடி உப்பு ஏறிவரும். வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் மட்டுமீறி நீர் இறைத்ததால் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்நாட்டுக்குள் புகுந்துவிட்டது. ஒருமுறை புகுந்த உப்பை வெளியேற்றப் பல ஆண்டு மழை வேண்டும்.

2003ஆம் ஆண்டில் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, கூரையிலிருந்து குழாய் இறங்கி மண்ணுக்குள் போயிற்று. இக்கரையோரத்துக் கிணறுகள் பலவற்றில் நீர் உயர்ந்தது. கூரை இல்லாத மனைக்குக் குழாய் தேவைப்படவில்லை. அது யாரும் சொல்லாமலே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. அதனாலேயே யாருடைய கணக்கிலும் அது ஏறவில்லை போலும்.

அந்த வீட்டு அம்மையார் வாளியில் நீர் சேந்தி ஒரு குவளை தந்தார். கடல் அரைக்கல் தொலைவில் இரைந்துகொண்டிருக்க, நீரில் உப்பு என்பதே இல்லை. "எதிர் மனையும் வித்தாச்சுப்பா" என்று தேங்கலில்லாத அந்த வெற்றுமனையைக் காட்டினார். நான்கு மாடி வரப்போகிறதாம். கடைக்கால் தோண்ட ஆள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஐந்தடியில் தண்ணீர் ஊறுவதால் தை பிறக்கட்டும் என்று மேஸ்திரி சொல்லிவிட்டாராம்.